‘பார்க்கலாம்’ என்றே வருஷங்கள் போகிறதா? கல்யாணத்துக்குத் தயங்கும் துணையோடு பேச ஒரு முழுமையான வழிகாட்டி

என் தோழியின் கைப்பையில் நான்கு நாள்காட்டித் தாள்கள் இருந்தன. நான்கும் தை 1. ஒவ்வொரு பொங்கலன்றும் அவளுடைய காதலர், “இந்தத் தையில வீட்ல பேசிடறேன்” என்று சொல்வார். அன்றைய தாளைக் கிழித்து மடித்து வைத்துக்கொள்வாள். தை போகும், பங்குனி போகும். ஆடியில் கல்யாணப் பேச்சே எடுக்கக்கூடாது என்பார். மார்கழியில் எதையும் தொடங்கக்கூடாது என்பார். அவள் அந்தத் தாள்களை என் மேசைமேல் விரித்துக் காட்டியபோது, முதல் தாள் மடிப்பு விழுந்த இடத்தில் இற்றுப்போயிருந்தது. அப்போது அவளுக்கு வயது 31. அவர்களுடைய பழக்கத்துக்கு வயது 8.

காத்திருப்பதில் தவறு இல்லை. எதற்காக, எதுவரை என்று தெரியாமல் காத்திருப்பதுதான் ஆளை உள்ளே அரிக்கிறது. இந்த இரண்டு கேள்விக்கும் பதில் கண்டுபிடிப்பதற்கே இந்த வழிகாட்டி. ஆணோ பெண்ணோ, காத்திருக்கும் எவருக்கும் இது பொருந்தும்.

கேட்பதற்குக் கூச்சப்படவும் வேண்டாம். சங்க அகப்பாடல்களில் ‘வரைவு கடாதல்’ என்றே ஒரு துறை இருக்கிறது. வரைவு என்றால் திருமணம். களவுக் காதலிலேயே நாளைக் கடத்தும் தலைவனிடம் தோழி போய், ஊர் பேசுகிறது, வீட்டில் காவல் கூடிவிட்டது, சீக்கிரம் மணந்துகொள் என்று வற்புறுத்துவாள். நேரடியாகக் கேட்பது நம் மரபிலேயே உண்டு.

படி 1: உங்களுக்கு என்ன வேண்டும் என்பதை முதலில் எழுதுங்கள்

துணையிடம் போவதற்கு முன்னால் ஒரு தாளை எடுத்து உட்காருங்கள். கல்யாணம் என்று நீங்கள் சொல்லும்போது மனதில் இருப்பது எது? தாலியா, பதிவுச் சான்றிதழா, ஒரே வீட்டில் வாழ்வதா, குழந்தையா, உறவுக்காரர் முன்னால் தலைநிமிர்ந்து நடப்பதா? எல்லாமும் கூட இருக்கலாம். எது இல்லாமல் முடியாது, எதில் விட்டுக்கொடுக்கலாம் என்று பிரியுங்கள்.

மண்டபமும் ஆயிரம் பேர் பந்தியும் வேண்டும் என்று நீங்கள் கேட்கவுமில்லை, எளிய பதிவுத் திருமணம் போதும் என்று சொல்லவுமில்லை என்றால், அவர் பெரிய செலவை நினைத்தே பயந்துகொண்டிருக்கக்கூடும். உங்கள் பட்டியல் தெளிவாக இருந்தால் பேச்சும் தெளிவாக நடக்கும்.

படி 2: சாக்கையும் காரணத்தையும் பிரித்தறியுங்கள்

‘ஆடி போகட்டும்’, ‘குருபலன் வரட்டும்’, ‘புராஜெக்ட் முடியட்டும்’ என்பவை வெளியே சொல்லப்படும் சாக்குகள். இவற்றின் அடியில் பெரும்பாலும் நான்கில் ஒன்று இருக்கும்.

1. வீட்டுப் பயம். சாதி, மதம், ஜாதகம், அம்மாவின் அழுகை, அப்பாவின் மானம். நம் ஊரில் பல தயக்கங்களுக்கு வேர் இதுதான்.

2. பணமும் பொறுப்பும். தங்கை கல்யாணம், கல்விக் கடன், நிலையில்லாத வேலை.

3. கல்யாணத்தின் மீதே பயம். பெற்றோர் தினமும் சண்டை போட்ட வீட்டில் வளர்ந்தவர்களுக்கும், முதல் திருமணம் முறிந்தவர்களுக்கும் இது இயல்பாக வரும்.

4. உங்கள் மீது உறுதி இல்லாமை. கேட்கவே கசப்பான காரணம். அதனாலேயே கடைசிவரை பலரும் இதைச் சொல்வதில்லை.

ஒரு எளிய சோதனை உண்டு. சொன்ன காரணம் தீர்ந்ததும் அவர் ஒரு அடியாவது முன்னால் வைத்தாரா? தங்கைக்குக் கல்யாணம் முடிந்த மாதமே ‘வீட்டுக் கடன் அடையட்டும்’ என்று புதுக் காரணம் முளைத்தால், முதலில் சொன்னது சாக்கு.

படி 3: நாள் குறித்து, உட்கார்ந்து பேசுங்கள்

வாட்ஸ்அப்பில் வேண்டாம். சண்டையின் நடுவில் வேண்டாம். அடுத்தவர் கல்யாணத்துக்குப் போய்த் திரும்பும் வழியில் நிச்சயமாக வேண்டாம். அப்போது பேச்சு குற்றச்சாட்டாகத்தான் வரும். “ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ஒரு மணி நேரம் வேணும், நம்ம விஷயம் பேசணும்” என்று முன்கூட்டியே சொல்லுங்கள்.

தொடக்கத்தை இப்படி வையுங்கள்: “எனக்கு உன்னோட கல்யாணம் பண்ணிக்கணும். உனக்கு அந்த எண்ணம் இருக்கா, இல்லையா? இருந்தா, எது தடுக்குதுன்னு சொல்லு. கோபப்படாம கேக்கறேன்.” பிறகு அவர் பேசட்டும். மௌனம் நீண்டாலும் நீங்கள் அதை நிரப்பாதீர்கள். ‘ஒருவேளை அம்மா ஒத்துக்க மாட்டாங்களோ?’ என்று பதிலை நீங்களே எடுத்துக் கொடுத்தால் அவர் அதையே பிடித்துக்கொள்வார்.

‘எனக்கு இப்ப வேண்டாம்’ என்பதற்கும் ‘எனக்கு எப்பவுமே வேண்டாம்’ என்பதற்கும் நடுவே பெரிய தூரம் இருக்கிறது. எது என்று தெரியும்வரை நிதானமாகத் திரும்பக் கேளுங்கள்.

படி 4: காரணத்துக்கு ஏற்ற வழியைத் தேடுங்கள்

வீட்டுப் பயம் என்றால்

முதல் கேள்வி, வீட்டில் இதுவரை யாரிடமாவது சொல்லியிருக்கிறாரா? ஒருவரிடமும் சொல்லாமல் ‘வீட்ல ஒத்துக்க மாட்டாங்க’ என்பது வெறும் ஊகம். நேராக அப்பாவிடம் போக வேண்டியதில்லை. அக்கா, மாமா, சித்தி என்று அந்த வீட்டில் சொல் எடுபடும் ஒருவரிடம் முதலில் சொல்லச் சொல்லுங்கள்.

எதிர்ப்பு உண்மையாகவே கடுமையாக இருந்தால், சட்டம் என்ன தருகிறது என்று இருவரும் சேர்ந்து தெரிந்துகொள்ளுங்கள். ஆணுக்கு 21, பெண்ணுக்கு 18 வயது நிறைந்திருந்தால், இருவரின் சம்மதம் போதும்; பெற்றோர் கையெழுத்து தேவையில்லை. வயது வந்த இருவரின் தேர்வில் குடும்பமோ ஊரோ தலையிட உரிமை இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் சக்தி வாகினி வழக்கில் தெளிவாகச் சொன்னது. மிரட்டலுக்கு ஆளாகும் தம்பதியருக்காக மாவட்டந்தோறும் சிறப்புப் பிரிவு அமைக்கவும் அதே தீர்ப்பு உத்தரவிட்டது.

இருவரும் வெவ்வேறு மதம் என்றால் 1954-ஆம் ஆண்டு சிறப்புத் திருமணச் சட்டம் இருக்கிறது. ஒருவராவது குறைந்தது 30 நாள் வசித்த மாவட்டத்தின் திருமண அலுவலரிடம் அறிவிப்புக் கொடுக்க வேண்டும். அது அலுவலகத்தில் ஒட்டப்படும். 30 நாளில் தகுந்த ஆட்சேபம் வராவிட்டால், மூன்று சாட்சிகளோடு திருமணம் நடக்கும். அறிவிப்புக் கொடுத்த மூன்று மாதத்துக்குள் திருமணத்தை முடிக்க வேண்டும். அறிவிப்பு ஊருக்குத் தெரியும் என்பதால், வீட்டில் ஆபத்து இருப்பவர்கள் முன்கூட்டியே வழக்கறிஞரைப் பார்ப்பது நல்லது.

இருவரும் இந்து திருமணச் சட்டத்தின் கீழ் வருபவர்கள் என்றால் தமிழ்நாட்டில் இன்னும் எளிய வழி உண்டு. அண்ணா முதல்வராக இருந்தபோது 1967-இல் சட்டமன்றம் நிறைவேற்றிய திருத்தத்தால் வந்த 7-ஏ பிரிவின்படி, நண்பர்கள் முன்னால் மாலை மாற்றியோ, மோதிரம் அணிவித்தோ, தாலி கட்டியோ மணந்துகொள்ளலாம், புரோகிதர் தேவையில்லை. இதற்கு ஊரறிந்த விழாவும் கட்டாயமில்லை என்று உச்ச நீதிமன்றம் 2023-இல் சொல்லிவிட்டது. எந்த முறையில் நடந்தாலும், 2009-ஆம் ஆண்டு தமிழ்நாடு திருமணங்கள் பதிவுச் சட்டப்படி 90 நாளுக்குள் பதிவு செய்துவிடுங்கள்.

பணம் என்றால்

இருவர் வருமானம், கடன், மாதச் செலவு எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதுங்கள். கல்யாணத்துக்கு எவ்வளவு, அதற்குப் பிறகு குடித்தனத்துக்கு எவ்வளவு என்று தனித்தனியாகப் பாருங்கள். பயமுறுத்துவது பல நேரம் முதல் தொகைதான். அதைக் குறைக்க உங்களால் முடியும். இருவரில் ஒருவர் பட்டியல் சாதியினராகவோ பழங்குடியினராகவோ இருந்தால், தமிழக அரசின் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி நினைவுக் கலப்புத் திருமண நிதியுதவித் திட்டத்தின் விதிமுறைகளையும் சமூக நல அலுவலகத்தில் கேட்டுப் பாருங்கள்.

கல்யாணத்தின் மீதே பயம் என்றால்

‘நான் அப்படியில்லை’ என்று சத்தியம் செய்வதால் இந்தப் பயம் போகாது. எந்தக் காட்சியை நினைத்துப் பயப்படுகிறார் என்று கேளுங்கள். அப்பா கதவைச் சாத்திய சத்தமா, அம்மா சம்பளத்தைக் கணக்குக் காட்டிக் கொடுத்ததா? பயம் இன்னதென்று சொல்லிவிட்டால் அதற்கு ஒரு ஏற்பாடு பேசலாம்: தனி வீடு, தனி வங்கிக் கணக்கு, வேலையை விடுவதில்லை என்ற உடன்பாடு. உளவியல் ஆலோசகரிடம் இருவருமாகப் போகலாம். தொடக்கமாக, கட்டணமில்லாத டெலி மானஸ் எண் 14416-இல் தமிழிலேயே பேசலாம்.

உங்கள் மீது உறுதி இல்லை என்றால்

இதற்கு ஏற்பாடு எதுவும் செய்ய முடியாது. உங்களை இன்னும் நல்லவராக, இன்னும் பொறுமைசாலியாக நிரூபித்துக் காட்ட முயலாதீர்கள். இத்தனை வருஷம் கூடவே இருந்தவருக்கு இனித் தெரிய வேண்டியது என்ன இருக்கிறது? நேராகப் படி 7-க்குப் போங்கள்.

படி 5: தேதி வையுங்கள்

‘சீக்கிரம்’ என்பது தேதியாகாது. ‘சித்திரை முடிவதற்குள் உன் அக்காவிடம், ஆவணிக்குள் அப்பாவிடம்’ என்று ஒவ்வொரு அடிக்கும் ஒரு நாள் வையுங்கள். அந்த நாளில் என்ன நடந்திருக்க வேண்டும் என்பதை இருவரும் ஒரே வார்த்தையில் சொல்ல முடிய வேண்டும்.

இதை மிரட்டலாகச் சொல்ல வேண்டாம். “உன்னைத் தண்டிக்க இந்தத் தேதியை வைக்கல. என் வாழ்க்கையை நான் திட்டம் போடணும்” என்பதே உண்மை, அதையே சொல்லுங்கள். ஒரு முறை நியாயமான காரணத்துக்காக நீட்டிக்கலாம். வீட்டில் மரணம், வேலையிழப்பு போன்றவை நியாயம். இரண்டாம் முறை நீட்டிக்காதீர்கள்.

படி 6: காத்திருக்கும் காலத்தில் உங்களைக் காத்துக்கொள்ளுங்கள்

• அவருக்காகக் கடன் வாங்காதீர்கள், உங்கள் நகையை அடகு வைக்காதீர்கள். சேர்ந்து வாங்கும் எதிலும் உங்கள் பெயர் எழுத்தில் இருக்கட்டும்.

• வெளிநாட்டு வேலை, மேற்படிப்பு, மாற்றல் எதையும் ‘அவர் பதில் சொல்லட்டும்’ என்று தள்ளிப்போடாதீர்கள்.

• நம்பிக்கையான ஒருவரிடமாவது முழு விஷயத்தையும் சொல்லி வையுங்கள்.

• சேர்ந்து வாழும் பெண்களுக்கு 2005-ஆம் ஆண்டு குடும்ப வன்முறைச் சட்டம் பாதுகாப்புத் தருகிறது. ஆனால், ஊரறியக் கணவன் மனைவிபோல் கணிசமான காலம் சேர்ந்து வாழ்ந்திருக்க வேண்டும், இருவரும் மணக்கத் தகுதியுள்ளவர்களாக இருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010-இல் வரையறுத்தது.

• கல்யாணம் செய்யும் எண்ணமே இல்லாமல், செய்வதாக வாக்களித்து உடலுறவு கொள்வது பாரதிய நியாய சன்ஹிதாவின் 69-ஆம் பிரிவில் குற்றம். 10 ஆண்டுவரை தண்டனை உண்டு. உண்மையாக நேசித்துப் பின்னால் மனம் மாறியது வேறு, தொடக்கத்திலேயே ஏமாற்றியது வேறு என்று நீதிமன்றங்கள் பிரித்தே பார்க்கின்றன.

• அடி, மிரட்டல், படங்களைக் காட்டி அச்சுறுத்தல் இருந்தால் இந்தப் படிகள் எதுவும் உங்களுக்கு வேண்டாம். பெண்கள் உடனே 181-ஐ அழையுங்கள்.

படி 7: தேதி வந்ததும் முடிவெடுங்கள்

சொன்ன அடியை அவர் எடுத்து வைத்திருந்தால், விளைவு எப்படியிருந்தாலும் கூட நில்லுங்கள். அப்பா கத்தியிருக்கலாம், அம்மா பட்டினி கிடந்திருக்கலாம். ஆனாலும் அவர் வாய் திறந்துவிட்டார். இனி அது இருவரும் சேர்ந்து தாங்க வேண்டிய பாரம்.

எதுவும் நடக்கவில்லை என்றால் உங்களுக்கு முன்னால் இரண்டு வழி. கல்யாணம் இல்லாமலே இந்த உறவு போதும் என்று மனமார ஏற்பது ஒன்று. ஏற்றுக்கொண்ட பிறகு அதைக் குத்திக்காட்டக் கூடாது. பிரிவது மற்றொன்று. பிரிந்தால் நட்பாகவே இருப்போம் என்று உடனே முடிவு செய்ய வேண்டாம். சில மாதங்கள் பேச்சே இல்லாமல் இருங்கள். ஊர் கேட்கும் கேள்விக்கு “ஒத்துவரல” என்ற ஒரே சொல் போதும்.

செய்யக்கூடாதவை

• அவருக்குத் தெரியாமல் அவர் வீட்டுக்குப் போய் நிற்பது.

• பொறாமை வரட்டும் என்று பொய்யாக மாப்பிள்ளையோ பெண்ணோ பார்ப்பது.

• குழந்தை வந்தால் கல்யாணம் நடந்துவிடும் என்று நம்புவது.

• உயிரை விடுவேன் என்று மிரட்டுவது. அப்படி உண்மையாகவே தோன்றினால், அந்த நிமிடமே 14416-ஐ அழையுங்கள்.

என் தோழி வைகாசிக் கடைசிவரை நாள் கொடுத்தாள். அவர் அம்மாவிடம் சொல்லவில்லை. ஆனி பிறந்த அன்று பிரிந்தார்கள். வெகுநாள் அழுதாள், நானும் கூட இருந்தேன். அடுத்த பொங்கலன்று அவள் வீட்டுக்குப் போயிருந்தேன். அவளுடைய அம்மா கோயிலிலிருந்து விபூதி கொண்டுவந்து மடிக்கத் தாள் கேட்டார். அவள் எழுந்து போய், அன்றைய தை 1-ஐக் கிழித்துக் கொடுத்தாள்.