கற்றல் என்பது யாது? உளநூற் சொற்கள் சில

மக்கள் நாவில் நாள்தோறும் வழங்கும் சொற்கள் சிலவற்றை உளநூலார் எடுத்து, அவற்றிற்குத் தனிப்பொருள் வகுத்து ஆள்கின்றனர். கற்றல், பழக்கம், தண்டனை, அச்சம் என்பன அத்தகையன. இந்நூலைப் புதிதாகத் தொடங்குவோர், இவை தமக்கு முன்பே தெரிந்த சொற்கள்தாமே என்று விரைந்து கடந்து சென்று, பின்னர் இடர்ப்படுவர். ஆதலின் தொடக்கப் பாடங்களில் வரும் சொற்களுள் கற்றலைப் பற்றியவற்றை மட்டும் ஈண்டு எடுத்துக்கொள்கிறோம். ‘பிறவிக் குணம்’ என்று பிறர் நம்மீது சுமத்தியவற்றையும், நாமே நம்மைப்பற்றி நம்பிவந்தவற்றையும் சோதித்துப் பார்ப்பதற்கு ஏனைய சொற்களினும் இவையே மிகுதியும் பயன்படுவன.

கற்றல் என்றவுடன் பள்ளிக்கூடமும் ஏடும் நினைவுக்கு வரும். உளநூலில் அதன் பொருள் மிக விரிந்தது. பட்டறிவின் பயனாக ஓர் உயிரின் நடத்தையில் உண்டாகி, ஓரளவு நிலைத்து நிற்கும் மாற்றமே கற்றல் எனப்படும். சோர்வாலும் மருந்தாலும் உடல் வளர்ச்சியாலும் வரும் மாற்றங்கள் இதில் அடங்கா. அம்மாற்றம் நன்மையாகவே இருத்தல் வேண்டும் என்பதும் இல்லை. நீந்தப் பழகுவதும் கற்றலே. நீரைக் கண்டு நடுங்கப் பழகுவதும் கற்றலே.

இனித் தூண்டல், துலங்கல் என்னும் இரண்டையும் காண்போம். கண்ணில் தூசி விழுந்தால் இமை மூடுகிறது. தூசி தூண்டல், இமை மூடுதல் துலங்கல். இதனை ஒருவரும் நமக்குக் கற்பித்திலர். ரஷிய அறிஞர் பாவ்லாவ் செரிமானத்தை ஆராய்ந்து, அதற்காகவே 1904-ஆம் ஆண்டில் நோபெல் பரிசு பெற்றவர். உணவு வாயிற் படுமுன்னரே, அது வருவதற்கான அறிகுறியைக் கண்ட அளவிலேயே நாய்க்கு உமிழ்நீர் ஊறுவதை அவர் உற்று நோக்கினார். மெட்ரோனோம் என்னும் தாளக் கருவியை ஒலிக்கச்செய்து, உடனே உணவு கொடுத்தார். பல முறை இவ்வாறு செய்தபின், உணவின்றி ஒலி மட்டுமே உமிழ்நீரை வருவித்தது. உணவு இயல்பான தூண்டல்; ஒலியோ ஆக்கநிலையுற்ற தூண்டல்.

‘ஆக்கநிலையுறுத்தல்’ என்னும் சொல் நாவுக்கு எளிதன்று. பாடநூல்களில் அதுவே வழங்குதலின் மாணவர் அதனை அறிந்திருத்தல் வேண்டும். ஆனால் பாவ்லாவ் ஆண்ட ரஷியச் சொல்லுக்கு ‘நிபந்தனைக்குட்பட்ட’ என்பதே நேர்ப்பொருள். ஆங்கிலத்தில் பெயர்த்தோர் அதனைச் சிறிது திரித்துவிட்டனர். மூலப்பொருளை மனத்திற் கொண்டால் செய்தி தெளிவாகும்: இத்துலங்கல் ஒரு நிபந்தனையைச் சார்ந்து நிற்பது, அந்நிபந்தனை நீங்கின் அதுவும் தளர்வது.

நாயின் உமிழ்நீர் கிடக்கட்டும். மனிதரின் அச்சம் எவ்வாறு உண்டாகிறது? அமெரிக்காவில் பால்டிமோர் நகரத்து ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் வாட்சனும் ராசலி ரேய்னரும் செய்து 1920-ஆம் ஆண்டில் வெளியிட்ட சோதனை இவ்வினாவைப் பற்றியது. நூல்களில் ‘ஆல்பர்ட்’ என்று வழங்கப்பெறும் குழந்தைக்கு அப்போது வயது பதினொரு மாதம். வெள்ளெலியைக் கண்டு அது அஞ்சவில்லை. கை நீட்டித் தொட முயன்றது. தொடும்போதெல்லாம் அதன் பின்னால் ஓர் எஃகுத் தண்டைச் சுத்தியலால் ஓங்கித் தட்டினர். சில முறைக்குப் பின், ஓசை இல்லாமலே எலியைக் கண்டதும் குழந்தை அழுது விலகியது. முயலைக் கண்டும், மயிர்த் தோல் மேலாடையைக் கண்டும் அஞ்சியது. ஒன்றினிடம் கற்ற துலங்கல் அதனை ஒத்த பிறவற்றிற்கும் பரவுதலைப் பொதுமைப்படுத்தல் என்பர்; ஒப்புமையுள்ளவற்றைப் பிரித்தறிந்து ஒன்றற்கு மட்டும் துலங்குதல் வேறுபடுத்தல் ஆகும். அச்சத்தை நீக்காமலேயே அக்குழந்தையை அனுப்பிவிட்டனர். இன்று எந்த நெறிக்குழுவும் இதற்கு ஒப்பாது. ஒரே குழந்தையைக் கொண்டு செய்த சோதனையாதலின் அதன் முடிவுகளைப் பின்வந்தோர் ஐயுற்றதும் உண்டு. ஆயினும் அச்சம் கற்கப்படும் என்னும் அடிப்படை, பிற்காலச் சோதனைகள் பலவற்றால் உறுதிப்பட்டுள்ளது.

நம் நாட்டுக்குப் பொருந்துமாறு ஒன்று சொல்வோம். சேரிப் பிள்ளை நீட்டிய தின்பண்டத்தை ஊர்த்தெருக் குழந்தை ஒன்று மகிழ்ந்து வாங்குகிறது. தாய் ‘சீ’ என்று அதட்டிப் பிடுங்கி எறிகிறாள். அக்குழந்தை சாத்திரம் ஒன்றும் படித்ததன்று. அதட்டலின் அதிர்ச்சியும் அப்பிள்ளையின் முகமும் ஒருங்கே அதன் உள்ளத்திற் பதிகின்றன. மறுமுறை அத்தெருவின் எந்தப் பிள்ளை வந்தாலும் அது பின்வாங்கும். பெரியவனானபின் இதற்கே ‘இயற்கையான அருவருப்பு’ என்று பெயரிட்டுக்கொள்வான்.

கற்றதனை நீக்குதல் கூடுமா? கூடும் என்று காட்டியவர் மேரி கவர் ஜோன்ஸ் என்னும் பெண்மணி. 1924-ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட கட்டுரையில் பீட்டர் என்னும் சிறுவன் வருகிறான். தொடக்கத்தில் அவனுக்கு வயது இரண்டாண்டு பத்துத் திங்கள். முயல், எலி, மயிர்த்தோல், பஞ்சு ஆகிய யாவும் அவனுக்கு அச்சந்தந்தன. அஞ்சாத குழந்தைகளோடு அவனை விளையாடவிட்டு முயலைக் காட்டினர். பின்னர் அவன் விரும்பும் உணவை உண்ணும்போது கூண்டிலிட்ட முயலைத் தொலைவில் வைத்து, நாளுக்கு நாள் சிறிது சிறிதாக அருகே கொணர்ந்தனர். இடையில் அவன் நோயுற்று மருத்துவமனையில் இரண்டு மாதம் இருக்க நேர்ந்தது. திரும்புகையில் பெருநாய் ஒன்று அவனை மருட்டியது. பழைய அச்சம் முழுதும் திரும்பிவிட்டது. ஜோன்ஸ் கைவிடவில்லை; மீண்டும் தொடங்கினார். முடிவில் முயல் தன் விரலைக் கவ்வ அவன் இடங்கொடுத்தான்.

ஈண்டு இன்னும் இரண்டு சொற்கள் வருகின்றன. பாவ்லாவின் ஒலியை உணவின்றிப் பலமுறை எழுப்பினால் உமிழ்நீர் குறைந்து நின்றுபோகும். இதனை மறைதல் என்பர். ஆனால் சில காலம் இடைவிட்டு ஒலி எழுப்பினால், நின்ற உமிழ்நீர் ஓரளவு மீண்டும் சுரக்கும். அது தன்னியல் மீட்சி. ஆகவே மறைதல் என்பது பழையதை அழித்தல் அன்று. பழையதன்மேல் புதியதொன்றைக் கற்றல். பல ஆண்டுகளுக்கு முன் விட்டொழித்த கூச்சம் ஒரு கூட்டத்தில் திடீரென்று தலைதூக்குமானால், பாடுபட்டதெல்லாம் வீணென்று கருதுதற்கு இடமில்லை.

மாணவரை மிகவும் மயக்குவது ‘எதிர்மறை வலுவூட்டல்’ என்னும் தொடர். பலர் இதனைத் தண்டனை என்று எழுதி மதிப்பெண் இழக்கின்றனர். வலுவூட்டல் எதுவாயினும் அது செயலை மிகுவிக்கும். தண்டனை செயலைக் குறைக்கும். துன்பம் நீங்குவதால் ஒரு செயல் மிகுமானால் அது எதிர்மறை வலுவூட்டல். மாத்திரையால் தலைவலி தீர்ந்தவர் மறுமுறையும் மாத்திரையையே நாடுவார். அச்சமும் இவ்வாறே நிலைபெறுகிறது. அஞ்சிய இடத்தை விட்டு விலகியதும் நெஞ்சு அமைதியடைகிறது. அவ்வமைதியே விலகுதலுக்குக் கூலியாகிறது. விலகியவர் அங்கே ஆபத்து உண்டா இல்லையா என்பதை அறிவதே இல்லை. 1953-ஆம் ஆண்டில் சாலமனும் அவர் துணைவரும் வெளியிட்ட ஆய்வில், மின்னதிர்ச்சிக்கு அஞ்சித் தடுப்பைத் தாண்டப் பழகிய நாய்கள், மின்சாரத்தை நிறுத்தியபின்னும் நூற்றுக்கணக்கான முறை தாண்டிக்கொண்டே இருந்தன.

இறுதியாகக் ‘கற்ற இயலாமை’ என்னும் சொல். 1967-ஆம் ஆண்டில் செலிக்மனும் மையரும் வெளியிட்ட ஆய்வில் நாய்களை மூன்று பிரிவாக்கினர். ஒரு பிரிவு நாய்கள் தலையால் ஒரு பலகையை அழுத்தி மின்னதிர்ச்சியை நிறுத்தவல்லன. இரண்டாம் பிரிவு அதே அளவு அதிர்ச்சியைப் பெற்றது. ஆனால் அது செய்யும் எதனாலும் அதிர்ச்சி நிற்காது. மூன்றாம் பிரிவுக்கு அதிர்ச்சி இல்லை. மறுநாள் எளிதில் தாண்டக்கூடிய தடுப்புள்ள பெட்டியில் விட்டபோது, முதலாவதும் மூன்றாவதும் தாண்டித் தப்பின. இரண்டாம் பிரிவிற் பெரும்பாலானவை முயலாது அதிர்ச்சியைத் தாங்கிக் கிடந்தன. வாயில்லா உயிர்களை இவ்வாறு வருத்தியதை நாம் போற்றவில்லை. கிடைத்த அறிவைப் புறக்கணிக்கவும் இயலவில்லை.

இதிலிருந்து ‘இயலாமை கற்கப்படுகிறது’ என்று அரை நூற்றாண்டுக்காலம் பாடம் சொல்லப்பட்டது. 2016-ஆம் ஆண்டில் அவ்விருவருமே அதனைத் திருத்தினர். நீண்ட துன்பத்தின்முன் செயலற்றுக் கிடத்தல் கற்றதன்று. மூளையின் இயல்பான முதல் துலங்கலே அது. நம் செயலால் இது மாறும் என்பதே கற்கப்படுவது. அதனைக் கற்றபின், மூளையின் முன்பகுதி அச்செயலின்மையை அடக்கிவைக்கிறது. பழைய பாடநூல்களில் இத்திருத்தம் இராது. தேர்வுக்குப் படிப்போர் கவனிக்க.

செயலற்றுக் கிடந்த நாய்களை மீட்ட வழியும் பதிவாகியுள்ளது. அறிஞர்கள் அவற்றின் கழுத்திற் கயிறு கட்டித் தடுப்பின் மறுபுறத்திற்கு இழுத்துச் சென்றனர். ஒரு முறை இழுத்தது போதவில்லை, பலமுறை இழுக்கவேண்டியிருந்தது. தொடக்கத்தில் முழு வலுவோடு இழுத்தனர். நாளடைவில் கயிறு இலேசாகியது. பின்னர் அவை தாமே தாண்டின. ஆனால் அதிர்ச்சியை நிறுத்தும் வழியை முதலிலேயே கற்றிருந்த நாய்களோ, பின்னர்த் தப்பமுடியாத அதிர்ச்சியைப் பெற்றபோதும் அவ்வாறு படுத்துவிடவில்லை.