சீட்டைப் புரட்டினால் ஞாபகசக்தி வளருமா?

கவிழ்த்து வைத்த சீட்டுகளை இரண்டிரண்டாகப் புரட்டி ஜோடி சேர்க்கும் விளையாட்டு குழந்தையின் ஞாபகசக்தியை வளர்க்கும் என்பது நம்பிக்கை. விளையாட விளையாடப் பிள்ளை கூடுதல் ஜோடிகளை எடுக்கிறது, அது கண்கூடு. ஆனால் வளர்ந்தது ஞாபகசக்தியா, அந்த ஆட்டத்தின் பழக்கமா? 1980-இல் வெளியான ஓர் ஆய்வில், அமெரிக்க உளவியலாளர் எரிக்ஸன் குழுவினர் ஒரு கல்லூரி மாணவருக்கு 230 மணி நேரத்துக்கு மேல் பயிற்சி கொடுத்தார்கள். ஒருமுறை கேட்டு 7 இலக்கங்களைத் திருப்பிச் சொன்னவர் 79 வரை போனார். இலக்கத்துக்குப் பதில் எழுத்துகளைக் கொடுத்ததும் பழையபடி ஆறோடு நின்றுவிட்டார். ஓட்டக்காரரான அவர் இலக்கங்களை ஓட்டப் பந்தய நேரங்களாகக் கோத்து வைத்திருந்தார். எழுத்துகளிடம் அந்த உத்தி செல்லவில்லை. ஒரே ஆளை வைத்து முடிவு கட்டலாமா என்று கேட்பது நியாயம்தான். 2013-இல் மெல்பி-லெர்வாக், ஹ்யூம் என்ற ஆய்வாளர்கள் 23 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். அவற்றில் சோதித்தவை இந்தச் சீட்டு விளையாட்டைவிடத் திட்டமிட்ட நினைவுப் பயிற்சிகள். பயின்றதைப் போன்ற வேலைகளில் கொஞ்ச காலம் முன்னேற்றம் இருந்தது. வாசிப்புக்கோ கணக்குக்கோ அது கைகொடுக்கவில்லை.

அப்படியானால் சீட்டுக்கட்டைப் பரணில் போட்டுவிடலாமா? வேண்டாம். கீதா ரமணியும் ராபர்ட் சீக்லரும் 2008-இல் வெளியிட்ட ஆய்வில், வசதி குறைந்த குடும்பத்து மழலையர் 1 முதல் 10 வரை எண்ணிட்ட கட்டங்களில், எண்ணை வாய்விட்டுச் சொல்லிக் காய் நகர்த்தினார்கள். நம் பரமபதத்தில் பாம்பையும் ஏணியையும் எடுத்துவிட்ட மாதிரி. சில அமர்வுகளிலேயே எண்ணறிவு கூடியது, ஒன்பது வாரம் கழித்தும் நிலைத்தது. எண்ணுக்குப் பதில் வண்ணம் பூசிய கட்டங்களில் ஆடியவர்களுக்கு அந்தப் பலன் இல்லை. காய், முறை வைத்து ஆடுவது, கூட இருந்த பெரியவர் எல்லாம் இரு பக்கமும் ஒன்றுதான். வேறுபட்டது கட்டத்தில் இருந்ததும் வாயில் வந்ததும்.

ஜோடிச் சீட்டுக்கும் இதே கண்ணால் பார்க்கலாம். யானைக்கு யானை சேர்க்கும் குழந்தைக்கு அதன் பெயர்கூடத் தெரிய வேண்டியதில்லை. எந்த மூலையில் பார்த்தோம் என்பது போதும். ஒரு சீட்டில் 5, இன்னொன்றில் ஐந்து புள்ளி என்று வைத்தால் எண்ணாமல் ஜோடி சேராது. ‘ழ’வுக்குப் பழம், ‘ள’வுக்குப் பள்ளி என்று வைத்து, புரட்டும்போது உரக்கச் சொல்லச் சொன்னால் நாக்கும் வேலை செய்யும். விளையாட்டில் பாடத்தைத் திணித்தால் சுவை போய்விடுமே என்பார்கள். இருபது ஜோடியைப் பரப்பினால் போகத்தான் செய்யும். நாலு வயதுக்கு ஆறு ஜோடி தாராளம். பொறுமையும் முறை காத்தலும் வருமே என்பதும் சரிதான். அதற்குக் கல்லாங்காயே போதும், ஞாபகசக்தி என்று அச்சிட்ட பெட்டி வேண்டியதில்லை.