தன்னியல்பே தவவழி

ஆன்மிக வாழ்வில் அடியெடுத்து வைப்பவரைத் தொடக்கத்திலேயே பற்றிக்கொள்ளும் மயக்கம் ஒன்றுண்டு. பிறரைப் போல் ஆவதே முன்னேற்றம் என்று எண்ணுவதே அது. ஒருவர் மணிக்கணக்கில் தியானிக்கிறார். மற்றொருவர் சாஸ்திரங்களை மனப்பாடமாகச் சொல்கிறார். அவர்களைக் கண்ட சாதகன் தன் இயல்பையே குறையாகக் கருதத் தொடங்குகிறான்.

பகவான் ஸ்ரீராமகிருஷ்ணர் இம்மயக்கத்திற்கு இடமளிக்கவில்லை. அவரது சீடரான நரேந்திரர் கல்லூரியில் தத்துவம் பயின்றவர். எதையும் ஆராய்ந்தே ஏற்பவர். லாட்டுவோ பீகாரின் சாப்ரா பகுதியில் பிறந்து, கல்கத்தாவில் ஒரு பக்தரின் வீட்டில் பணியாளாக இருந்தவர், எழுத்தறியாதவர். குருதேவர் அவருக்கு வங்காள எழுத்துகளைக் கற்பிக்க முயன்றார். லாட்டுவின் உச்சரிப்பு திருந்தவில்லை. அப்பாடம் அத்துடன் நின்றது.

ஆனால் மாலை வேளையில் உறங்கிய லாட்டுவைக் கண்டிக்க அவர் தவறவில்லை. அன்றுமுதல் லாட்டுவின் இரவுகள் தியானத்திற்கே உரியவையாயின. இவ்வேறுபாடு சிந்திக்கத்தக்கது. இறைவன் தந்த இயல்பு வேறு. அதன்மேல் படியும் சோம்பல் வேறு. முன்னதைக் குரு மாற்ற முற்படவில்லை, பின்னதை விட்டுவைக்கவுமில்லை.

1893-இல் சிகாகோ சர்வமத மகாசபையில் முழங்கிய நரேந்திரரே, எழுத்தறியாத அந்தச் சகோதரச் சீடருக்கு 'அத்புதானந்தர்' என்னும் துறவுப் பெயரைச் சூட்டியவர். இருவரும் ஒரே குருவின் சீடர்கள். ஒருவர் மற்றவரின் நகலாகவில்லை.

கீதை சுவதர்மத்தின் மேன்மையை 3-ஆம், 18-ஆம் அத்தியாயங்களில் இருமுறை எடுத்துரைப்பதன் பொருள் இங்கே தெளிவாகிறது. தனக்கு அருளப்பட்ட இயல்பைத் தூய்மையாக்கி, அதனை அருளியவனுக்கே அர்ப்பணிப்பது சாதகனின் கடமை.