வெந்தயத்தின் வழவழப்பு என்ன செய்யும்?

ராத்திரி ஊற வைத்த வெந்தயம் காலையில் வழவழன்னு இருக்கும், பார்த்திருக்கீங்களா? அந்த வழவழப்புதான் கேலக்டோமன்னான் என்னும் கரையும் நார்ச்சத்து.

நம் கல்லீரல் கொலஸ்ட்ராலைக் கொண்டுதான் பித்த அமிலங்களைச் செய்கிறது. கொழுப்பைச் செரிக்க உதவியபின், அவற்றில் பெரும்பகுதியைக் குடல் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். வெந்தய நார் அதில் கொஞ்சத்தைப் பிடித்து மலத்தோடு வெளியேற்றும். அந்தக் குறையை ஈடுகட்ட, கல்லீரல் ரத்தத்திலிருந்து கொலஸ்ட்ராலை எடுக்கும். ரத்தத்தில் அதன் அளவு குறையும்.

வெந்தயத்தில் பாலிஃபீனால்களும் உண்டு. இவை ஆக்சிஜனேற்றத் தடுப்பான்கள்.

கவனம்! வீட்டில் தாத்தா, பாட்டி கொலஸ்ட்ரால் மாத்திரை சாப்பிடுறாங்களா? "வெந்தயமே போதும்"னு தானாக நிறுத்த விடாதீங்க. டாக்டரைக் கேட்கச் சொல்லுங்க. வெந்தயம் நல்ல உணவு. மாத்திரைக்கு மாற்று அல்ல!