வழித்துணை ஓட்டம்

உதவி என்னுஞ் சொல்லைக் கேட்ட அளவில், உடையார் இல்லார்க்குக் கொடுத்தலும், வலியார் மெலியாரைத் தாங்குதலுமே நம் நினைவிற்கு வருகின்றன. இவ்விரண்டின் வேறாய், ஒருவர் தமக்குள்ள வலிமையைத் தாமே முழுதும் செலுத்துமாறு இடமுண்டாக்கித் தருதலும் உதவியேயாம். பார்வையிழந்த ஓட்டக்காரரோடு உடன் ஓடும் வழித்துணைவரின் தொண்டு இவ்வகையைச் சார்ந்தது. ஆடுகளத்தார் அவரைக் ‘கைடு’ என வழங்குவர். அத்தொண்டின் இயல்பினையும், நம் மாணாக்கர் அதனை மேற்கொள்ளும் முறையினையும் ஈண்டுச் சுருங்க ஆராய்வாம்.

பார்வைக் குறைபாடுடையார்க்குரிய ஓட்டப் பந்தயங்கள் டி11, டி12, டி13 என மூன்று வகுப்பாகப் பகுக்கப்பட்டுள்ளன. முதல் வகுப்பினர் பார்வை அறவே இல்லாதவரும், மிகச் சிறிதளவே உடையவரும் ஆவர். அவரனைவரும் கண்களை மறைத்துக்கொண்டு வழித்துணைவரோடு ஓடுதல் வேண்டும். சிறிது ஒளி தெரிவார்க்கும் தெரியாதார்க்கும் இடையே ஏற்றத்தாழ்வு நேராமைப் பொருட்டே கண் மறைக்கப்படுகின்றது. இரண்டாம் வகுப்பினர் விரும்பின் துணை கொள்ளலாம். மூன்றாம் வகுப்பினர் தனித்தே ஓடுவர். துணையோடு ஓடுவார்க்குக் குறுந்தூரப் பந்தயங்களில் இரண்டு ஓடுபாதைகள் அளிக்கப்படும். ஆதலின் எட்டுப் பாதையுள்ள களத்தில் நான்கு இணையர்க்கே இடமுண்டு.

இணையர் இருவரின் கைகளையும், இழுத்தால் நீளாத சிறு கயிறொன்று பிணைத்து நிற்கும். கயிறு பிடித்த கைகள் இரண்டும் ஒருங்கே வீசப்பட, ஒருவரின் அடிகள் மற்றவர்க்குக் கண்ணாடி நிழல்போல் அமைதல் வேண்டும். துணைவர் ஓட்டக்காரரை முன்னே இழுத்தலும் ஆகாது; பின்னின்று தள்ளுதலும் ஆகாது. முடிவுக் கோட்டை ஓட்டக்காரரே முதலிற் கடத்தல் வேண்டும். துணைவர் முந்திக் கடப்பின் அவ்வோட்டம் தள்ளப்படும். இவ்விதிகளை நோக்குவார்க்கு ஒன்று விளங்கும். துணைவர் தம் இணையரினும் விரைந்து ஓட வல்லவராய் இருத்தல் வேண்டும். அவ்வன்மையைத் தம் வெற்றிக்கென ஒருகாலும் செலுத்தாதவராயும் இருத்தல் வேண்டும்.

நம் நாட்டில் இத்தகைய இணையர் சிலர் புகழ் பெற்றுள்ளனர். காப்பித் தோட்டங்கள் நிறைந்த சிக்கமகளூர் மாவட்டத்திற் பிறந்த ரக்‌ஷிதா ராஜு, வழித்துணைவர் ராகுல் பாலகிருஷ்ணாவோடு ஓடி, 2023-ஆம் ஆண்டு ஹாங்சோ நகரில் நடந்த ஆசியப் பாரா விளையாட்டில் 1500 மீட்டர் ஓட்டத்திற் பொற்பதக்கம் பெற்றார். 2024-ஆம் ஆண்டு பாரிஸ் பாராலிம்பிக்கில் சிம்ரன் சர்மா, அபய் சிங்கின் துணையோடு 200 மீட்டர் தூரத்தை 24.75 நொடியிற் கடந்து வெண்கலம் பெற்றார்.

துணைவர் பணியிற் கயிற்றினும் சிறந்தது சொல்லேயாம். திருவள்ளுவர் கேள்வி அதிகாரத்தில், ஒழுக்கமுடையார் வாய்ச்சொல்லை வழுக்கு நிலத்து ஊன்றுகோலுக்கு ஒப்பிட்டார். கோல் நமக்காக நடப்பதில்லை, நடப்பவர் நாமே. அவ்வுவமையின் பொருத்தத்தை அறிய, சேர்வராயன் மலைச் சாலையை மனக்கண்முன் கொணர்க. சேலத்திலிருந்து ஏர்க்காட்டிற்கு ஏறும் அச்சாலையில் இருபது கொண்டையூசி வளைவுகள் உள. அங்கே உடன் ஓடுபவர் ‘பார்த்து வா’ என்பாராயின் அச்சொல் பயன்படாது. ‘பத்தடியில் இடப்பக்கம் வளைவு, ஏற்றம் மிகும், ஓரத்தில் சரளைக்கல்’ என்று, வேண்டுவதை வேண்டும் பொழுதிற் சுருங்கச் சொல்லல் வேண்டும். வளைவிற் பேருந்து அகன்று திரும்புதலும், மூடுபனியில் வண்டியோட்டிக்கு ஆள் தெரியாமையும், குரங்குகள் குறுக்கே பாய்தலும் துணைவரின் கருத்தில் இருத்தல் வேண்டும். இறக்கமோ ஏற்றத்தினும் இடர் மிக்கது. அங்கே கால் தானே விரையும். அன்றியும், ஏர்க்காடு கடல் மட்டத்திற்கு ஏறத்தாழ 1500 மீட்டர் உயரத்தில் இருத்தலின், காற்றின் அழுத்தம் ஆங்கு ஆறில் ஒரு பங்கு குறைந்துள்ளது. ஓடவும் பேசவும் வேண்டியவராகிய துணைவர்க்கு மூச்சு இருமடங்கு வேண்டும். ஆகவே பயில்வோர் மலைச்சாலையை இறுதிக்கு வைத்து, சமநிலத்தில் தொடங்குவதே தக்கது.

இனி, கயிற்றைப் பற்றிய ஒரு நிகழ்ச்சி நம் சிந்தனைக்குரியது. பாரிஸ் பாராலிம்பிக்கின் இறுதி நாளில், ஸ்பெயின் நாட்டு எலெனா கோங்கோஸ்ட் என்னும் பெண்மணி மாரத்தான் ஓட்டத்தில் மூன்றாமவராய் முடிவுக் கோட்டை அணுகினார். நாற்பத்திரண்டு கிலோமீட்டர் கடந்து, இரண்டொரு மீட்டரே எஞ்சிய நிலையில், அவருடைய வழித்துணைவர் தசைப்பிடிப்பால் தள்ளாடினார். எலெனா கயிற்றை விட்டு அவரைத் தாங்கினார். கயிறு கைவிடப்பட்டமையால் அன்று அவர் விலக்கப்பட்டார். வெண்கலம் அடுத்து வந்தவர்க்குச் சென்றது.

விதி வேண்டாவென யாம் கூறோம். கயிற்றை விடலாம் என்று ஒருமுறை இசையின், துணைவரில்லாது ஓடுவதற்கும் துணைவரை மாற்றுவதற்கும் வழி பிறக்கும். எனினும் ஊதியம் கருதாது விழுந்தவரைத் தாங்கிய கையை, கயிற்றைக் கைவிட்ட கையென்று மட்டும் எண்ண நம் நெஞ்சம் ஒருப்படவில்லை. துணை கொண்டவரே துணையாயினார் அன்றோ? பார்வையிழந்தார் உதவி பெறுதற்கே உரியர் என்னும் எண்ணம் அவ்விரண்டு மீட்டரில் பொய்யாயிற்று.

உடற்குறையுடையார் எல்லார்க்கும் துணை வேண்டும் என்று கொள்ளுதலும் பிழை. சேர்வராயன் மலையடியில் உள்ள சேலம் மாவட்டத்துப் பெரியவடகம்பட்டியினரான மாரியப்பன் தங்கவேலு, இளமையில் விபத்தொன்றிற் கால் ஊனமுற்றவர். அவர் 2016-ஆம் ஆண்டு ரியோவில் 1.89 மீட்டர் உயரம் தாண்டிப் பொன்னும், பின் டோக்கியோவில் வெள்ளியும், பாரிஸில் வெண்கலமும் பெற்றார். தாண்டும் பொழுது அவர் கையை எவரும் பற்றவில்லை. அவர்க்கு வேண்டியவை களமும் பயிற்சியும் வாய்ப்புமே. ஆதலின் ‘உமக்கு யாது வேண்டும்?’ என வினவுதலே தொண்டின் முதற்படியாம். கேளாமற் கையைப் பற்றுதல் அன்பாயினும் மதிப்பாகாது.

இத்தொண்டிற்கு விரும்பும் மாணாக்கர், முதலில் தம்முள் இருவராய்ச் சேர்ந்து, ஒருவர் கண்ணைக் கைக்குட்டையாற் கட்டிக்கொண்டு, ஒரு காலணிக் கயிற்றின் இரு முனையையும் பிடித்து, கல்லூரி மைதானத்தில் நடந்து பழகுக. பின் மெல்ல ஓடுக. பின் இடம் மாறுக. கண் கட்டப்பட்டவர்க்கு எச்சொல் பயன்பட்டது, எச்சொல் அச்சம் விளைத்தது என்பதைக் கேட்டறிக. அதன்பின் பார்வையிழந்த ஓட்டக்காரர் ஒருவரை அணுகி, அவர் விரும்பும் நேரத்தையும் வேகத்தையும் கேட்டு, அதற்கேற்பத் தம்மை அமைத்துக்கொள்க. குறித்த நாளிற் செல்லாதிருத்தல் மட்டும் கூடாது. துணைவர் வாராத காலையில் அவர்க்கு ஓட்டமே இல்லை. நம் கல்லூரியிலும் பார்வையிழந்த மாணாக்கர் பயில்கின்றனர். அவருள் ஓட விழைவார் உளராயின், அடுத்த விளையாட்டு விழாவில் அவர் பெயரும் பந்தயப் பட்டியலில் இடம்பெறுமாறு செய்தல் நம் கடமை.