"கம்பெனி சூப்பர்"னு சொல்றாங்க, சேரலாமா? ஊழியர்கள் சொல்றதை ரூபாயில கணக்குப் போடுவோம்



போன மாசம் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் ஒரு தம்பி ஆபீஸுக்கு வந்தார். சோழிங்கநல்லூர்ல ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில வேலை. கையில புது கம்பெனியோட ஆஃபர் லெட்டர். மொபைல்ல ஒரு குறிப்பு. அந்தப் புது கம்பெனியில வேலை பார்க்கிறவங்க, பார்த்துட்டு வெளிய வந்தவங்கன்னு ஏழெட்டு பேர்கிட்ட கேட்டு எழுதி வெச்சிருந்தார்.

"சார், 11 லட்சத்துல இருந்து 14.5 லட்சம். கிட்டத்தட்ட 32 சதவீதம் ஹைக். ஆனா உள்ள இருக்கிறவங்க ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க. யாரை நம்புறது?"

குறிப்புல இருந்தது இவ்வளவுதான்: சம்பளம் நல்லா தர்றாங்க. ஜாயினிங் போனஸ் உடனே வரும். வேரியபிள் முழுசா வராது. வேலை நேரம் அதிகம். அப்பா அம்மாவுக்கு இன்சூரன்ஸ் இல்லை. வெளிய வர்றது கஷ்டம்.

நான் சொன்னேன்: "தம்பி, இதுல யாரும் பொய் சொல்லலை. ஒவ்வொருத்தரும் அவங்கவங்க ஆஃபர் லெட்டரை வெச்சு பேசுறாங்க. நாம உங்க ஆஃபர் லெட்டரை வெச்சு பேசுவோம்." அன்னைக்குப் போட்ட கணக்கைத்தான் இங்க எழுதுறேன். அவர் அடையாளம் தெரியக் கூடாதுன்னு எண்களை மட்டும் மாத்தியிருக்கேன். எல்லாம் ஒரு முழு நிதியாண்டுக்கான கணக்கு, 2025-26 புது வரி முறைப்படி.

1. "சம்பளம் நல்லா தர்றாங்க"

முதல்ல சிடிசியைப் பிரிங்க.

பழைய கம்பெனி, 11,00,000:
- பேசிக் 5,50,000
- கம்பெனி பங்கு பிஎஃப் 21,600 (மாசம் 1,800)
- கிராஜுவிட்டி (பேசிக்ல 4.81%) 26,455
- இதைக் கழிச்சா மொத்த சம்பளம் 10,51,945
- உங்க பங்கு பிஎஃப் 21,600, தொழில் வரி 2,500 போக, மாசம் கைக்கு சுமார் 85,650

புது கம்பெனி, 14,50,000:
- இதுல ஜாயினிங் போனஸ் 1,00,000, வேரியபிள் 1,50,000. நிலையான சம்பளம் 12,00,000 மட்டும்தான்
- பேசிக் 6,00,000. பிஎஃப் முழு பேசிக்ல 12%, அதாவது 72,000
- கிராஜுவிட்டி 28,860, இன்சூரன்ஸ் பிரீமியம் 15,000
- மொத்த சம்பளம் 10,84,140
- உங்க பங்கு பிஎஃப் 72,000, தொழில் வரி 2,500 போக, மாசம் கைக்கு சுமார் 84,140

தம்பி ரெண்டு தடவை கால்குலேட்டர்ல போட்டுப் பார்த்தார். 32 சதவீதம் ஹைக்குனு நினைச்ச இடத்துல, மாசா மாசம் வர்ற பணம் 1,500 ரூபாய் குறையுது!

பிஎஃப்ல கூடுதலா போறது உங்க பணம்தான், நஷ்டம் இல்லை. ஆனா வாடகையும் இஎம்ஐயும் பிஎஃப்ல இருந்து கட்ட முடியாது. அதனால "சம்பளம் நல்லா இருக்கு"ன்னு யாராவது சொன்னா, "சிடிசியா, கைக்கு வர்றதா?"ன்னு கேளுங்க.

2. "ஜாயினிங் போனஸ் உடனே வரும்"

வரும். கூடவே வரியும் வரும்.

போனஸ் இல்லாம கணக்குப் போடுவோம். 10,84,140 + முழு வேரியபிள் 1,50,000 = 12,34,140. ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன் 75,000 கழிச்சா 11,59,140. இது 12 லட்சத்துக்குள்ள இருக்கிறதால வரி பூஜ்யம்.

இப்போ 1 லட்சம் போனஸைச் சேருங்க. 12,59,140 ஆகுது. 12 லட்சத்தைத் தாண்டுனதுமே தள்ளுபடி போயிடுது. மார்ஜினல் ரிலீஃப் கிடைச்சும், செஸ்ஸோட சேர்த்து வரி சுமார் 61,500.

ஆக, 1 லட்சம் போனஸ்ல உங்களுக்கு உண்மையில நிக்கிறது 38,500. அதோட லெட்டர்ல ஒரு வரி: 12 மாசத்துக்குள்ள வெளிய போனா போனஸை முழுசா திருப்பிக் கட்டணும். முழுசான்னா 1 லட்சம், 38,500 இல்லை. திருப்பிக் கட்டுறது அதே நிதியாண்டுல நடந்தா கம்பெனி சம்பளக் கணக்குல சரி பண்ண வாய்ப்பு இருக்கு. அடுத்த நிதியாண்டுக்குத் தள்ளிப் போயிட்டா, கட்டின வரியைத் திரும்ப வாங்குறது பெரிய தலைவலி.

3. "வேரியபிள் முழுசா வராது"

இதைச் சொன்ன ரெண்டு பேர்ல ஒருத்தருக்கு 90% வந்திருக்கு, இன்னொருத்தருக்கு 40%தான். ஏன் இந்த வித்தியாசம்? ஒருத்தர் ப்ராஜெக்ட்ல இருந்தார், இன்னொருத்தர் பாதி வருஷம் பெஞ்ச்ல இருந்தார். லெட்டர்ல பார்க்க வேண்டியது ரெண்டு: யாரோட பெர்ஃபார்மன்ஸை வெச்சு தர்றாங்க, உங்களோடதா, கம்பெனியோடதா? பணம் தர்ற தேதியில நீங்க வேலையில இருந்தாதான் கிடைக்கும்னு இருக்கா? வீட்டு பட்ஜெட் போடும்போது வேரியபிளை பூஜ்யம்னு வெச்சுக்கோங்க. வந்தா லாபம்.

4. "வேலை நேரம் அதிகம்"

இதைப் புலம்பல்னு விட்டுடாதீங்க, இதுவும் கணக்குதான். பழைய இடத்துல தினம் 9 மணி நேரம், மாசம் 22 நாள், ஆக 198 மணி நேரம். ஒரு மணி நேரத்துக்கு சுமார் 433 ரூபாய். புது இடத்துல 12 மணி நேரம்னு சொல்றாங்க. அப்போ 264 மணி நேரம், மணிக்கு 319 ரூபாய். இதைச் சொன்னவர் எந்த டீம், எந்த ப்ராஜெக்ட்னு கேளுங்க. ஒரே கம்பெனியில டீமுக்கு டீம் இது மாறும்.

5. "அப்பா அம்மாவுக்கு இன்சூரன்ஸ் இல்லை"

தம்பியோட அப்பாவுக்கு ஸ்டென்ட் வெச்சிருக்கு. பழைய கம்பெனி குரூப் பாலிசியில அவர் கவர் ஆகியிருந்தார். வேலையை விட்டதும் அது நின்னுடும். தனியா பாலிசி எடுத்தா, ஏற்கெனவே இருக்கிற நோய்க்கு 3 வருஷம் வரைக்கும் காத்திருப்புக் காலம் இருக்கலாம். அந்த இடைவெளியில ஒரு ஆஸ்பத்திரி பில் வந்தா, மொத்த ஹைக்கும் அதுலயே போயிடும். ஏழெட்டு பேர்ல ஒரே ஒருத்தர்தான் இதைச் சொன்னார். இவருக்கு அதுதான் முக்கியமான தகவல்.

6. "வெளிய வர்றது கஷ்டம்"

நோட்டீஸ் 90 நாள். இது தெரிஞ்சதுதான். ஆனா நான் அவரோட பழைய கம்பெனியைப் பத்திக் கேட்டேன். "அங்க எவ்வளவு சர்வீஸ் ஆச்சு?" "4 வருஷம் 5 மாசம், சார்."

கிராஜுவிட்டிக்கு 5 வருஷ சர்வீஸ் வேணும். அஞ்சாவது வருஷத்துல 240 நாள் முடிச்சாலே தகுதின்னு சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பு சொல்லியிருக்கு. பல கம்பெனிகள் அதை ஏத்துக்குறாங்க. நோட்டீஸ் காலமும் சர்வீஸ்லதான் சேரும். மாச பேசிக் 45,833 × 15/26 × 5 வருஷம், சுமார் 1,32,000 ரூபாய், வரி இல்லாம. நோட்டீஸை பைஅவுட் பண்ணி அவசரமா ஓடியிருந்தா, இது மொத்தமும் போயிருக்கும்.

சரி, தம்பி என்ன பண்ணார்?

ஆஃபரை வேண்டாம்னு சொல்லலை. மூணு விஷயம் செஞ்சார்.

- பழைய ஹெச்.ஆர்.கிட்ட கிராஜுவிட்டி பத்தி மெயில்ல எழுதி வாங்கிட்டு, ரெண்டு வாரம் தள்ளி பேப்பர் போட்டார். முழு நோட்டீஸும் இருக்கப் போறார்.
- புது கம்பெனியில, நிலையான சம்பளத்துக்குள்ளேயே பேசிக்ல 14 சதவீதத்தை என்பிஎஸ்-க்கு மாத்தித் தரச் சொன்னார். வருஷம் 84,000. புது வரி முறையிலயும் கம்பெனி போடுற இந்தப் பணத்துக்கு விலக்கு உண்டு. மேல போட்ட கணக்குல 12,59,140 குறைஞ்சு 11,75,140 ஆகுது, வரி பூஜ்யம். மாசம் 7,000 கைக்குக் குறையும், அந்தப் பணத்தை நினைச்சப்போ எடுக்கவும் முடியாது. ஆனா முதல் வருஷம் 61,500 வரி மிச்சம்.
- அப்பா அம்மாவைக் குரூப் பாலிசியில சேர்க்க, பிரீமியத்தைத் தானே கட்டுறேன்னு கேட்டார். ஒத்துக்கிட்டாங்க.

இந்த மூணுல எதுவும் சிடிசியில ஒரு ரூபாய்கூட ஏத்தலை. ஆனா முதல் வருஷத்துலயே சுமார் 1.9 லட்சம் கையை விட்டுப் போகாம நின்னுது. அப்பாவுக்குக் கவரும் தொடருது.

நீங்க அடுத்த தடவை ஒரு கம்பெனியைப் பத்தி விசாரிக்கும்போது "கம்பெனி எப்படி?"ன்னு மட்டும் கேட்காதீங்க. இந்த அஞ்சைக் கேளுங்க:

1. நீங்க எந்த வருஷம், என்ன அனுபவத்தோட சேர்ந்தீங்க?
2. மாசம் கைக்கு வர்றது சிடிசியில எத்தனை சதவீதம்?
3. கடைசி ரெண்டு வருஷம் வேரியபிள் எவ்வளவு வந்துச்சு?
4. பெற்றோருக்கு இன்சூரன்ஸ் உண்டா?
5. வெளிய வந்தப்போ செட்டில்மென்ட் எத்தனை நாள்ல வந்துச்சு? எதைப் பிடிச்சாங்க?

கருத்து அவங்களோடது. கையெழுத்து உங்களோடது. ஆஃபர் லெட்டரை அக்செப்ட் பண்றதுக்கு முன்னாடி ஒரு மணி நேரம் உட்கார்ந்து இந்தக் கணக்கைப் போடுங்க.

இதே கணக்கை எக்ஸெல்ல படிப்படியா போட்டுக் காட்டுற வீடியோ நம்ம சேனல்ல இருக்கு. உங்க ஆஃபர் லெட்டர்ல புரியாத வரி ஏதாவது இருந்தா, கம்பெனி பேரை எடுத்துட்டு கமென்ட்ல போடுங்க. அடுத்த வீடியோவுல பார்க்கலாம்.

(உங்க சம்பள அமைப்பும் வரி நிலையும் வேறயா இருக்கலாம். முடிவெடுக்கிறதுக்கு முன்னாடி உங்க ஆடிட்டர்கிட்ட ஒரு தடவை கேட்டுக்கோங்க.)