பால் கோப்பையைக் கண்டதும் ஓடும் பிள்ளைக்கு

காலை ஆறரைக்குக் கீழே ஸ்கூல் வான் ஹோர்ன் அடிக்கிறது. மேலே மேசையில் பால் ஆடை கட்டி ஆறிக் கிடக்கிறது. வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைத் தொடர்மாடிகளில் தினமும் நடக்கிற கூத்து இது.

1. முதலில் நீங்கள் குடியுங்கள். அம்மா பிளேன்ரீயும் அப்பா சோடாவும் குடித்துக்கொண்டு பாலை நீட்டினால், பிள்ளை அதை மருந்தென்றே நினைக்கும்.

2. "குடித்தால் சொக்லேட்" பேரம் வேண்டாம். சொக்லேட் பரிசாகிவிடும், பால் தண்டனையாகிவிடும்.

3. பால்தேநீரைக் கணக்கில் சேர்க்காதீர்கள். அதிலிருப்பது இரண்டொரு கரண்டி பால்மாதான்.

4. பாலே வேண்டாமென்றால் சட்டித் தயிரில் கொஞ்சம் கித்துள் பாணி விட்டுக் கொடுங்கள். 200 மி.லீ. பாலில் சுமார் 240 மி.கி. கல்சியம், அதே அளவு தயிரிலும் ஏறக்குறைய அவ்வளவு உண்டு.

5. நெத்தலிக் கருவாட்டைத் தலை கிள்ளி, உப்புப் போக ஊறவைத்து, முள்ளோடு மொறுமொறுவெனப் பொரியுங்கள். கல்சியம் அந்த முள்ளில்தான். பால்மாவுக்கு வரிசையில் நின்ற 2022ஐ மறந்திருக்க மாட்டீர்கள். அப்போதும் இந்த வழி இருந்தது. சோற்றில் பிசைந்து தராமல் தனிக் கிண்ணத்தில் வையுங்கள், முறுக்கைப் போலக் கொறிக்கும்.

6. குரக்கன் புட்டு, வல்லாரைச் சம்பல் என்று வாரத்துக்கு இரண்டு நாள் மாற்றுங்கள். எள்ளுருண்டைப் போத்தலை மட்டும் பிள்ளைக்குக் கையெட்டும் தட்டில் வையுங்கள். தானாக எடுப்பதை யாரும் ஊட்ட வேண்டியதில்லை.